மல்லிகை மணத்த ஒயினும் அரை நிலாச் சோமாசியும்

வசந்தா, சேகர், மீனா மூவருக்கும்,

அலமாரிக்கு மேலே, பழைய பஞ்சாங்கக் கட்டுக்குப் பின்னால் நிற்கிற பச்சை பாட்டிலைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் கிசுகிசுப்பது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அப்பா ஜெர்மனிக்குப் போன இடத்தில் குடித்திருக்கிறார் என்பது வசந்தாவின் கட்சி. சோடா குடித்தாலே விக்கல் எடுக்கிற மனுஷன், அவராவது குடிப்பதாவது என்பது சேகரின் கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் பாட்டில் தனக்குத்தான், மணிபிளான்ட் வைக்க வேண்டும் என்கிறாள் மீனா. உங்கள் அம்மாவைக் கேட்டால், "உங்க அப்பாவையே கேளுங்க" என்று சிரிக்கிறாள்.

நேரில் கேட்க உங்களுக்குத் தைரியம் இல்லை. நேரில் சொல்ல எனக்கும் வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் சேகர் திருத்தலாம், ஆனால் சிவப்பு மை வேண்டாம். விடை கடைசியில்தான் வரும். வசந்தா, நீ கடைசிப் பக்கத்தை முதலில் திருப்புகிறவள். திருப்பாதே.

நம் ஆலைக்குப் புது சுழல் இயந்திரம் வாங்கினார்கள். கரும்புப் பாகைச் சுழற்றிச் சர்க்கரையைத் தனியாகவும் கழிவுப்பாகைத் தனியாகவும் பிரிக்குமே, அதுதான். அதைக் கழற்றி மாட்டப் பழகிக்கொள்ள ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு என்னை ஆறு வாரம் அனுப்பினார்கள். அந்தச் சமயம்தான் நம் ஊரில் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளைத் திறந்திருந்தார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் உங்கள் அம்மா ஜெர்மனி மேல் காட்டினாள்.

"அங்க தண்ணிக்குப் பதிலா அதைத்தான் குடிப்பாங்களாம். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உங்க நாக்குல படக் கூடாது. அடிச்சுச் சொல்லுங்க" என்று கையை நீட்டினாள். நானும் அவள் உள்ளங்கையில் அடித்துச் சொன்னேன். சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் போன்ற ஊர். நடுவில் நகரம், சுற்றிலும் மேடு, மேட்டில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். நான் தங்கிய வீடு அப்படி ஒரு மேட்டில். வீட்டுக்காரி பெயர் ஃபிராவ் லாங். அங்கே பெண்களை மரியாதையாக ஃபிராவ் என்றும் ஆண்களை ஹெர் என்றும் சொல்வார்கள். அறுபது வயது இருக்கும், தனியாக இருந்தாள். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து மாடிப்படியைப் பெருக்குவது அங்கே சட்டம் மாதிரி. என் முறை வந்தபோது பெருக்கி, தண்ணீர் தெளித்து, வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சின்னக் கோலமும் போட்டேன். ஃபிராவ் லாங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். "பெருக்கியது நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் அழுக்காக்கினாய்?" என்று கேட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே அடுப்பே பற்ற வைப்பதில்லை. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்ற பெயரில் ஒரு வெள்ளரிக்காய். முதல் வாரம் நான் தினமும் "சாப்பாடு எப்போது?" என்று காத்திருந்தேன். அதுதான் சாப்பாடு என்று எனக்கு விளக்கியவன் பக்கத்து அறைக்காரன், ரொடோல்ஃபோ.

ரொடோல்ஃபோ தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா தேசத்தவன். அந்த நாட்டின் வடக்கே சால்டா என்ற மலைநாடு. அங்கே அவனும் ஒரு சர்க்கரை ஆலையில்தான் வேலை. அதே இயந்திரத்தைப் படிக்க அவனையும் அனுப்பியிருந்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. பட்டறையில் கற்ற ஜெர்மன்தான் எங்கள் பொதுமொழி. இரண்டு பேருடைய ஜெர்மனையும் சேர்த்தால்கூட ஒரு முழு ஜெர்மன் தேறாது. கோவிந்தசாமி என்ற என் பெயரைச் சுருக்கி "கோவின்" என்பான். மிஞ்சியதையெல்லாம் கையால் பேசுவோம்.

ஒரு வியாழக்கிழமை, வேலை விட்டு வந்ததும் அவன் என் அறைக் கதவைத் தட்டினான். கையில் மாமனாரின் கடிதம். முகம் தொங்கியிருந்தது.

"மாமனார். திராட்சை. எல்லாம் வெளியே" என்று வேரோடு பிடுங்குகிற மாதிரி கையைக் காட்டினான்.

அவன் சொன்னதைக் கோவையாகச் சொல்கிறேன். மலைக்கு மேலே, மழையே பெய்யாத ஓர் உச்சியில் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். நம் ஊர் புடலைக்குப் போடுகிற மாதிரி அங்கே திராட்சைக்கு உயரப் பந்தல். ரொடோல்ஃபோவின் கல்யாணமே அந்தப் பந்தலுக்குக் கீழேதான் நடந்ததாம். அதில் விளைவது டொரொன்டெஸ் என்ற வெள்ளைத் திராட்சை. அந்த ஒயினை மலைக்குக் கீழே யாரும் மதிப்பதில்லை, உள்ளூர்க் குடி என்று ஒதுக்குகிறார்கள். கிழவர் சலித்துப்போய், இந்த அறுவடையோடு பந்தலைப் பிரித்துக் கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிளகாய் நடப்போகிறார். மருமகன், "ஜெர்மனியில் ஒரு வியாபாரியையாவது வாங்க வைக்கிறேன், அதுவரை பொறுங்கள்" என்று சவடால் பேசி ஆறு பாட்டில்களைக் கம்பளியில் சுற்றி எடுத்து வந்துவிட்டான். மாதக் கடைசிக்குள் யாராவது வாங்குவதாக எழுதிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மண்வெட்டி.

ஆறில் ஒன்று பெட்டிக்குள்ளேயே உடைந்து, அவன் சட்டைகள் ஒரு வாரம் பூக்கடை மாதிரி மணந்தன. மூன்றைக் கடைகடையாகக் கொண்டுபோய்க் காட்டினான். "தென் அமெரிக்காவா? அங்கிருந்து காபி வரும், வாழைப்பழம் வரும். ஒயினா!" என்று எல்லாரும் சிரித்து அனுப்பினார்கள். இப்போது இரண்டு பாட்டில்தான் மிச்சம். அன்றைக்குக் காலையில்தான் ஃபிராவ் லாங் ஒரு வழி செய்திருந்தாள். ஹெர் முல்லர் என்று ஓர் ஒயின் வியாபாரி, செத்துப்போன அவள் வீட்டுக்காரரோடு முப்பது வருஷம் சீட்டாடியவர். "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருகிறார். வராவிட்டால் சீட்டில் அவர் செய்த தில்லுமுல்லையெல்லாம் ஊருக்குச் சொல்வேன் என்றேன்" என்றாள்.

"கோவின், நீ முகர்ந்து பார்" என்று ரொடோல்ஃபோ ஒரு காலி பாட்டிலின் தக்கையை எடுத்து என் மூக்கருகே வைத்தான்.

பிள்ளைகளே, என் மூக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று ஆலையில் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். ஆனால் அதற்கு முன்பே என் மூக்கு சொல்லிவிடும். சர்க்கரை விஷயத்தில் இருபது வருஷமாக அது பொய் சொன்னதில்லை. அந்தத் தக்கையை முகர்ந்தேன். மல்லிகை! சாயங்காலம் கூடையைத் திறந்ததும் வருமே, அந்த மல்லிகை. அதற்குப் பின்னால் பன்னீர், அதற்கும் பின்னால் கொஞ்சம் ஆரஞ்சுத் தோல். இவ்வளவு மணந்தால் எவ்வளவு தித்திக்கும் என்று நான் அங்கேயே முடிவுகட்டிவிட்டேன். குடிக்கத்தான் சத்தியம் தடுத்தது. முகரச் சத்தியம் எதுவும் இல்லையே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபிராவ் லாங் அடுப்படியில் மூன்று பேரும் கூடி யோசித்தோம். ஒயினைச் சும்மா கொடுக்கக் கூடாது, கூடவே கடிக்க ஏதாவது வேண்டுமாம். ஃபிராவ் லாங் மாட்டிறைச்சி வறுவலும் குழம்பும் செய்கிறேன் என்றாள். ரொடோல்ஃபோ தலையை ஆட்டினான். "இல்லை, கனம். ஒயின் செத்துப்போகும்." ஒரு தாளை எடுத்து அரை நிலா ஒன்றை வரைந்தான். ஓரத்தில் கயிறு திரித்த மாதிரி மடிப்பு. "மாவு. உள்ளே வைத்து மூடி, எண்ணெயில். என் மனைவி செய்வாள். இந்த ஒயினுக்கு இதுதான். எனக்குச் சமைக்கத் தெரியாது."

"அட, நம்ம சோமாசி!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். "எனக்குத் தெரியும்! எங்கள் வீட்டில் தீபாவளிக்கு! நான் செய்கிறேன்!"

அவன் என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அவர்கள் பழக்கம் அது, மீசை குத்தியது. உள்ளே என்ன வைப்பாய் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அரை நிலாவுக்குள் என்ன இருக்கும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

தேங்காய்த் துருவல் அங்கே உலர்த்திப் பொட்டலமாகக் கடையில் கிடைத்தது. சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. ஏலக்காய்தான் இல்லை. ஏலக்காய் இல்லாத சோமாசியை நான் செய்து, அது எப்படியோ உங்கள் அம்மா காதுக்குப் போய்விட்டால்? டார்ம்ஸ்டாட்டில் முரளி என்று ஒரு திருச்சிப் பையன் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். நம் ஆலை அக்கவுண்டன்டின் அக்கா மகன். அவனுக்குப் போன் போட்டேன். இருக்கிறது, வாருங்கள் என்றான்.

சனிக்கிழமை காலையில் ரயில் ஏறினேன். கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்துக் கடைசிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே இரண்டு வயதான அம்மாக்கள். டிக்கெட்டை மடியில் பார்வையாக வைத்திருந்தேன். அவர்கள் அதையும் என்னையும் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அதில் "டார்ம்ஸ்டாட்", "இல்லை" என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குப் புரிந்தன. நான் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று பிறகு டிக்கெட் பரிசோதகர் வந்து கையால் விளக்கியபோதுதான் தெரிந்தது.

"இவர் தப்பான பாதியில் உட்கார்ந்திருக்கிறார்."

"சொல்லலாமா?"

"அது பரிசோதகருடைய வேலை அல்லவா?"

அங்கே ஒரே ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும். முன்பாதி டார்ம்ஸ்டாட் பக்கம் போகும், பின்பாதி மான்ஹெய்ம் போகும். நம் ஊரிலும் பெட்டியைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவார்கள்தான். ஆனால் நம் ஊராக இருந்தால் நான் ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் பத்துப் பேர் "யோவ், அதுல ஏறாத!" என்று என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். இங்கே அத்தனை மரியாதையோடு என்னை மான்ஹெய்ம் கொண்டுபோய் விட்டார்கள்.

"என்ன சார், ஒரு மணிக்கு வரேன்னீங்க, மணி மூணரை! மான்ஹெய்ம்ல யாரையாவது பாக்கணும்னா சொல்லியிருக்கலாம்ல?" என்றான் முரளி.

"கிண்டல் போதும்ப்பா. ஏலக்காயை எடு."

"எதுக்கு சார் ஏலக்காய்?"

"சோமாசிக்கு."

"சோமாசி எதுக்கு?"

"ஒயினுக்கு."

முரளி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "டெம்பரேச்சர் நார்மலாதான் இருக்கு. சார், நீங்க ஒயின் குடிக்கிறீங்களா?"

"சேச்சே. முகரத்தான்."

"சோமாசியை?"

"அதை அவங்க தின்பாங்க. நீ எடுத்தா எடு, இல்லன்னா விடு."

பத்து ஏலக்காயைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்து இன்னொரு பொட்டலத்தைப் பையில் திணித்தான். "மிளகாய்ப் பொடி சார். அம்மா அரைச்சது, சீரகம் தூக்கலா இருக்கும். வெறும் ஏலக்காயோட உங்களை அனுப்பிச்சேன்னு தெரிஞ்சா அம்மா என்னைக் கொன்னுடுவாங்க. இந்த ஊர் உருளைக்கிழங்குக்கு இதை விட்டா வேற வழி கிடையாது. அப்புறம் சார், ட்ரெயின்ல முன்னாடி பெட்டியில ஏறுங்க." திரும்பி வருகிற ரயில் பிரியவே இல்லை. ஆனாலும் முன்பெட்டியில்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ரொடோல்ஃபோ காலையில் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே ஒயினைக் குளிரவைக்கப் பனிக்கட்டி வாங்கி வரப் போய்விட்டான். நான் மைதாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து வட்டம் வட்டமாக இட்டேன். பூரணம் வைத்து மூடி ஓரத்தை முறுக்கினேன். வாணலியில் எண்ணெய் ஊற்றும்போது ஃபிராவ் லாங் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு எண்ணெய்! எனக்கு இது கிறிஸ்துமஸ் வரைக்கும் வரும்!"

"பலகாரம் முங்க வேண்டும், ஃபிராவ் லாங்."

"நீ முங்காமல் இருந்தால் சரி."

ரொடோல்ஃபோ பனிக்கட்டிப் பையோடு உள்ளே வந்தபோது பன்னிரண்டு சோமாசி பொன்னிறமாகத் தட்டில் அடுக்கியிருந்தது. அவன் ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்து முறுக்கை விரலால் தடவினான். கண் கலங்கிவிட்டது. "என் மனைவியின் விரல்கள்" என்றான். சாப்பிடு என்றேன். "இல்லை. அவர் முதலில்" என்று பயபக்தியோடு திரும்ப வைத்துவிட்டான். அப்போது அவன் ஒரே ஒரு கடி கடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாலு மணி அடித்தது, வாசல் மணியும் அடித்தது. ஹெர் முல்லர் நெட்டையான மனிதர், மூக்கு என்னுடையதைவிடப் பெரியது. தொப்பியை மாட்டிவிட்டு, ஃபிராவ் லாங் கொடுத்த காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி. உங்கள் வாழைப்பழ ஒயினைக் காட்டுங்கள்" என்றார். ரொடோல்ஃபோ சிரிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து ஊற்றினான்.

ஹெர் முல்லர் மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டார். நிமிர்ந்தார். மறுபடி விட்டார். "ம்ம்ம்" என்றார், கொஞ்சம் நீளமாகவே. நான் ரொடோல்ஃபோவைப் பார்த்துக் கண்ணடித்தேன். சோமாசித் தட்டை நீட்டினேன். ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்து மென்றார். முகம் மலர்ந்தது. தேங்காய், சர்க்கரை, முரளியின் ஏலக்காய், பிடிக்காமல் இருக்குமா? அந்தத் தித்திப்பு வாயில் இருக்கும்போதே ஒயினை ஒரு மடக்கு குடித்தார்.

பிள்ளைகளே, கடித்த புளியங்காய் கண் வரைக்கும் ஏறியவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான். தோள் இரண்டும் காதைத் தொட்டன.

"இது மூக்கிடம் ஒன்று சொல்லிவிட்டு நாக்கிடம் வேறொன்று சொல்கிறது" என்றார். "வெறும் புளிப்பு. மன்னிக்க வேண்டும்."

ரொடோல்ஃபோ ஒரு சோமாசியை வெடுக்கென்று பிட்டான். தேங்காய் மேசையில் கொட்டியது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "கோவின். சர்க்கரை?"

"சர்க்கரை" என்றேன்.

"இந்த ஒயினில் சர்க்கரை இல்லை! மணம் மட்டும் இனிப்பு! வாயில் இனிப்பே இல்லை!"

"அரை நிலா என்றாயே!"

"அரை நிலா! உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, சீரகம், மிளகாய்!"

இருபது வருஷமாகப் பொய் சொல்லாத மூக்கு அன்றைக்கு ஒரு பந்தலையே சாய்த்துவிட்டது. ரொடோல்ஃபோ நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெர் முல்லர் எழுந்து தொப்பிக்குக் கை நீட்டினார்.

"முல்லர்" என்றாள் ஃபிராவ் லாங். "கோப்பையில் காபி இருக்கிறது."

"ஃபிராவ் லாங், எனக்கு…"

"என் வீட்டில் யாரும் காபியை மிச்சம் வைத்துவிட்டுப் போனதில்லை. உட்காருங்கள். ஆறிவிட்டது, சூடாக ஊற்றுகிறேன்." ஊற்றும்போதே என்னைப் பார்த்து, கண்ணால் அடுப்பைக் காட்டினாள். ராத்திரி சாலட்டுக்கு அவள் அவித்துத் தோலுரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கு அங்கே ஒரு சட்டி நிறைய இருந்தது. மாவிலும் மிச்சம் இருந்தது.

நான் ஓடினேன். வெங்காயத்தை அரிந்தேனா, பிய்த்துப் போட்டேனா, நினைவில்லை. எண்ணெயில் வதக்கி, கிழங்கை உதிர்த்து, உப்புப் போட்டு, முரளி கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். முதலில் ஒரு கரண்டி. பிறகு பந்தலை நினைத்து இன்னொரு கரண்டி. அந்தச் சீரக வாசனை அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்குப் போனதும் ரொடோல்ஃபோ எழுந்து ஓடிவந்தான். நான் கிழங்கை வைத்து மூடினேன், அவன் பக்கத்தில் நின்று ஓரத்தை முறுக்கினான். சமைக்கத் தெரியாதவனின் முறுக்கு அது, பாதி பிரிந்துகொண்டது. கூடத்தில் ஃபிராவ் லாங் பேசிக்கொண்டே போவது கேட்டது. அவள் வீட்டுக்காரரின் மூட்டுவலியிலிருந்து தொடங்கி, அறுபத்தெட்டில் ஆடிய ஒரு சீட்டாட்டத்தில் காணாமல் போன ராணி வரைக்கும் வந்திருந்தாள்.

எட்டு சோமாசி தேறின. ரொடோல்ஃபோ கடைசி பாட்டிலைத் திறந்தான்.

ஹெர் முல்லர் என் முகத்தையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதற்குள் என்ன? திராட்சையா, சாக்லேட்டா?"

"உருளைக்கிழங்கு" என்றேன்.

"உருளைக்கிழங்கா!" ஜெர்மன்காரருக்கு அந்தச் சொல்லில் ஒரு தைரியம் வந்துவிடும். நம்பிக் கடித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது. பிறகு கழுத்து. இருமினார். கண்ணில் தண்ணீர். ஃபிராவ் லாங் தண்ணீருக்கு எழுந்தாள். அதற்குள் அவர் கைக்கு எட்டிய ஒயின் கிண்ணத்தை எடுத்துத் தீயணைக்கிற மாதிரி ஒரே மடக்காகக் குடித்தார்.

கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெர் முல்லர் மீதிப் பாதியைக் கடித்தார், இந்தத் தடவை தானாகவே. இன்னொரு மடக்கு, மெதுவாக.

"இன்னொன்று" என்றார்.

"ஒயினா, அரை நிலாவா?" என்று கேட்டாள் ஃபிராவ் லாங்.

"இரண்டும். பிரித்துக் கொடுக்காதீர்கள்."

நாலு சோமாசி தின்றார். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "எங்கள் மலையில் விளைகிற ஒயின் மாதிரி இல்லையே இது" என்றார்.

"எதற்காக இருக்க வேண்டும்? அது உங்கள் தோட்டமா?" என்றாள் ஃபிராவ் லாங்.

பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இதற்கு வேறு என்ன ஒத்துவரும் என்று கேட்டார். ரொடோல்ஃபோவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகாய் தடவிச் சுட்ட ஆற்றுமீன், அரைத்த மக்காச்சோளத்தை அதன் தோகையிலேயே பொதிந்து அவிக்கிற ஒரு பண்டம் என்று மூன்றையும் கையால் செய்து காட்டினான். நான் மிளகாய் பஜ்ஜியைச் சேர்த்தேன். மிளகாயை மாவில் தோய்த்துப் பொரிப்பதா என்று ஹெர் முல்லர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, எழுதாமல் விட்டுவிட்டார். கனமான குழம்போடு வேண்டாம், இனிப்போடு வேண்டவே வேண்டாம் என்று கடைசியில் ஒரு கோடு போட்டு எழுதினார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து, சோதனைக்கு மூன்று பெட்டி அனுப்பச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றே மூன்று பெட்டி. ரொடோல்ஃபோ அந்தத் தாளை வாங்கி மடிக்கத் தெரியாமல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

பந்தல் என்னவாயிற்று என்று மீனா கேட்பாள். எட்டு மாதம் கழித்து ஆலை விலாசத்துக்கு அவனிடமிருந்து கடிதம் வந்தது, எங்கள் அதே அரைகுறை ஜெர்மனில். பாதிப் பந்தல் நிற்கிறது. மறுபாதியில் மாமனார் மிளகாய் நட்டுவிட்டார், கிழவர் யார் சொல்லையும் முழுசாகக் கேட்கிறவர் இல்லை. ஹெர் முல்லர் மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறார். பந்தலின் இந்தப் பக்கத்து ஒயினோடு அந்தப் பக்கத்து மிளகாயை அரை நிலாவில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். அவன் பிள்ளைகள் மட்டும் தேங்காய் அரை நிலாவைக் கேட்டு அவன் மனைவியை நச்சரிக்கிறார்களாம். அதற்கும் நான்தான் காரணம் என்று அவள் சொல்லச் சொன்னாளாம்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெர் முல்லர் போனதும் ரொடோல்ஃபோ மாமனாருக்குத் தந்தி கொடுக்கப் பெரிய ரயிலடிக்கு ஓடினான். ஃபிராவ் லாங், ஹெர் முல்லரை டிராம் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய்விடப் போனாள். காணாமல் போன ராணியின் கதை இன்னும் முடியவில்லை. பாத்திரம் கழுவ நான் ஒருவன்தான். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. மேசையில் காலி பாட்டில், தட்டில் என் தேங்காய்ச் சோமாசி பத்து, அவர்கள் மூன்று பேரும் தின்றது போகக் கிழங்குச் சோமாசி ஒன்று.

தேங்காய்ச் சோமாசியில் ஒன்றைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் அந்த மனிதர் முகம் ஏன் அப்படிப் போயிற்று? கையைக் கழுவிவிட்டு, ஆலையில் பாகு பார்ப்பதைப் போல ஆள்காட்டி விரலை நீட்டி, பாட்டிலை அதன்மேல் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு விழுந்தது. நாக்கில் வைத்தேன். ஹெர் முல்லரின் முகத்தை அப்படியே நானும் போட்டேன். தோள் காதைத் தொட்டது.

வசந்தா, நீ ஜெயித்துவிட்டாய். ஒரு சொட்டு அளவுக்கு. வந்து இறங்கிய அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த விரல் என்று மட்டும் கேட்டாள்.

பிறகு கிழங்குச் சோமாசியைத் தின்றேன். முரளியின் அம்மா கை தாராளம், காது வரைக்கும் எரிந்தது. இதோடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு சொட்டு வேண்டும். விரலை நீட்டி, பாட்டிலை மறுபடி கவிழ்த்தேன். கழுத்து வரைக்கும் அடுத்த சொட்டு ஊர்ந்து வருவது பச்சைக் கண்ணாடியில் தெரிந்தது.

பாட்டிலை நிமிர்த்தினேன். குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். தக்கையைத் தேடி எடுத்து இறுக்கி அடைத்து, என் பெட்டியைத் திறந்து, மடித்த வேட்டிகளுக்கு நடுவே அதைப் படுக்கவைத்துப் பூட்டினேன்.